நீர்மானிக்கு அப்பால் யார் பொறுப்பு?

கண்டி வாவிக்கரையிலிருந்து தலாத்துஓயா நோக்கிச் செல்லும் வீதியில் ஏறிச் செல்வோரின் கண்களுக்கு அம்பிட்டிய இன்று இரண்டு அடையாளங்களுடன் தோற்றமளிக்கின்றது. ஒன்று, 1893 ஆம் ஆண்டில் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் விருப்பப்படி நிறுவப்பட்டு, 1955 இல் புனே நகருக்கு மாற்றப்படும் வரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக விளங்கிய பாப்பரசர் குருமடத்தின் நினைவைச் சுமந்து நிற்கும் தேசியக் குருமடம். மற்றையது, மலைச்சரிவெங்கும் கூரைகளின் மேலும் இரும்புச் சட்டங்களின் மேலும் வரிசையாக நிற்கும் கறுப்பும் நீலமுமான நீர்த்தாங்கிகள். முன்னையது பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். பின்னையது பற்றி எழுதுவதற்கு எவரும் முன்வருவதில்லை. அன்றாடம் நாம் அருந்தும் நீர் கடைசியாகத் தங்கிவரும் இடம் அதுதான் என்பதனால் அதனைப் பற்றிச் சிறிது விரிவாக நோக்க வேண்டியுள்ளது.

மலைநாட்டு நகர் ஒன்றில் வீட்டுக்கு வீடு தாங்கி இருப்பது ஆடம்பரமன்று. மகாவலியிலிருந்து எடுக்கப்படும் நீர் கெட்டம்பே போன்ற இடங்களில் சுத்திகரிக்கப்பட்டு, நீர்ப்பம்பிகளால் படிப்படியாக மேலேற்றப்பட்டே சரிவுகளிலுள்ள குடியிருப்புகளை வந்தடைகின்றது. வீதிமட்டத்தில் உள்ளவர் குழாயைத் திறந்ததும் நீர் பாய்கின்றது. நூறு படிகள் மேலே இருப்பவர் அயலவர்கள் உறங்கும் வரை காத்திருக்க நேரிடுகின்றது. மின்தடை ஏற்பட்டாலோ, தைமாதம் கடந்து வரட்சி தலைகாட்டினாலோ இந்தக் காத்திருப்பு நீளும். 2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய 'டித்வா' சூறாவளியின் போது நாம் கண்டது இதன் உச்சநிலை. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட அந்த அனர்த்தத்தில் மிகக் கூடுதலான இழப்பைச் சந்தித்தது கண்டி மாவட்டமே. மண்சரிவுகளும் வெள்ளமும் நீர் வழங்கல் திட்டங்கள் பலவற்றைச் செயலிழக்கச் செய்தன. பவுசர் வண்டிகளுக்காக மக்கள் வாளிகளுடன் காத்து நின்ற அந்நாட்களில், தாங்கி வைத்திருந்தவர்களுக்கு அது கைகொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் சேமித்து வைத்திருக்கும் நீர் என்பதும் பாதுகாப்பான நீர் என்பதும் ஒன்றல்ல. நீர் வழங்கும் சபையாயினும் மாநகர சபையாயினும் அவற்றின் பொறுப்பு வீட்டு வாசலிலுள்ள நீர்மானியுடன் நின்றுவிடுகின்றது. நீர்மானி வரையிலான நீர் ஆய்வுகூடத்தில் சோதிக்கப்படுகின்றது; இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் 614 ஆம் இலக்கத் தரநிர்ணயத்துடன் ஒப்பிடப்படுகின்றது. மானியைத் தாண்டி நிலத்தடித் தொட்டிக்குச் சென்று, அங்கிருந்து பம்பியினால் கூரைத் தாங்கிக்கு ஏறி, பின்னர் சமையலறைக் குழாய்க்கு இறங்கும் அதே நீரை யார் சோதிக்கின்றனர்? வீட்டுக்காரர் அதனைச் சபையின் நீர் என்கின்றார். சபையோ தாங்கி வீட்டுக்காரருடையது என்கின்றது. இருவர் கூற்றும் உண்மையே. இடையில் கிடக்கும் தாங்கிதான் அநாதையாகின்றது.

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து புறப்படும் நீருடன் ஒரு காவலாளியும் அனுப்பி வைக்கப்படுகின்றான். அவன்தான் எஞ்சிய குளோரின். நீரிலுள்ள கிருமிகளை அழிப்பதற்குத் தேவையானதை விடச் சற்றுக் கூடுதலாகக் குளோரின் சேர்க்கப்படுவது, வழியில் ஏதேனும் மாசு கலந்தால் அதனைச் சமாளிப்பதற்காகவே. குளோரின் சேர்த்து அரைமணி நேரத்தின் பின் ஒரு லீற்றரில் குறைந்தது 0.5 மில்லிகிராமும், வீட்டுக் குழாயை அடையும்போது 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமலும் அது எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குழாயைத் திறந்ததும் இலேசான குளோரின் மணம் வந்தால் முகம் சுளித்து "இன்று தண்ணீர் சரியில்லை" என்று கூறுவோர் நம்மிடையே பலர். உண்மையில் அந்த மெல்லிய மணம் ஆறுதல் அளிக்க வேண்டியதொன்று. மணமே இல்லாத, ஆனால் மூன்று நாட்களாகத் தாங்கியில் கிடந்த நீரைப் பற்றியே நாம் கவலைப்பட வேண்டும்.

ஏனெனில் இந்தக் காவலாளிக்கு ஆயுள் குறைவு. சூரிய ஒளி பட்டால் குளோரின் சிதைகின்றது. வெப்பம் ஏறினால் விரைந்து மறைகின்றது. தாங்கியின் அடியில் படிந்த சேற்றுடனும் சுவரில் படர்ந்த வழுவழுப்பான படலத்துடனும் தாக்கமுற்றுத் தீர்ந்துவிடுகின்றது. அந்தப் படலத்தைக் கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது வெறும் அழுக்கு அல்ல என்பது தெரியும். பற்றீரியாக்கள் தமக்கென ஒரு பசையைச் சுரந்து அதனுள் வாழும் குடியிருப்பு அது. நீரில் மிதந்து திரியும் கிருமியைக் கொல்லும் அளவு குளோரின், இந்தப் பசைக்குள் மறைந்திருக்கும் கிருமியைக் கொல்லப் போதுமானதன்று. கூரையின் மீது வெயிலில் காயும் தாங்கியில் நீர் இளஞ்சூடாக இருப்பதும் அவற்றின் பெருக்கத்துக்கு வாய்ப்பாகின்றது.

பெரிய தாங்கி நல்லது என்ற எண்ணமும் இங்கு மறுபரிசீலனைக்குரியது. நால்வர் கொண்ட குடும்பத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் செலவாகின்றது எனக் கொண்டால், மொத்தம் 480 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கியில் நீர் ஏறத்தாழ இரண்டு நாட்களில் புதிதாகின்றது. இது ஏற்கத்தக்கதே. பிள்ளைகள் வெளிநாட்டில், முதியவர் இருவர் மாத்திரம் வீட்டில் என்ற நிலையில் இரண்டாயிரம் லீற்றர் தாங்கி இருந்தால் அதே நீர் எட்டு நாட்களுக்கு மேல் அங்கேயே கிடக்கும். கண்டிச் சுற்றுப்புறங்களில் இத்தகைய வீடுகள் இப்போது கொஞ்சமல்ல. நிரம்பிய ஆயிரம் லீற்றர் தாங்கியின் நீர் மட்டும் ஒரு தொன் எடையுடையது என்பதையும், அதனைத் தாங்குவது மழையில் ஊறிய மலைச்சரிவின் மீது எழுப்பப்பட்ட ஒரு மெல்லிய தளம் என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுவது பொருத்தமானது. நீண்ட நாட்கள் வெளியூர் சென்று திரும்புவோர் பழைய நீரைக் குடிப்பதற்குப் பயன்படுத்தாது வெளியேற்றிவிட்டுப் புதுநீர் நிரப்புதல் வேண்டும். அந்நீர் பூங்கன்றுகளுக்கு உதவும்.

தாங்கியின் மூடியைப் பற்றித் தனியே கூறவேண்டும். அம்பிட்டியவைச் சூழவுள்ள மலைகளில் காடு இருக்கின்றது. காடு இருக்குமிடத்தில் குரங்கும் உண்டு. திருகிப் பூட்டாத மூடியைக் கழற்றுவது குரங்குக்குப் பெரிய காரியமன்று. கழற்றிய மூடியை அது மீண்டும் வைப்பதுமில்லை. அதன் பின்னர் பல்லி, அணில், மரநாய், எலி, பறவை எச்சம், உதிர்ந்த இலை என ஒவ்வொன்றாக உள்ளே செல்கின்றன. எலியின் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும் என்பதை அறிந்த நாம், எலி ஓடும் கூரையின் மீது திறந்த தாங்கியை வைத்திருக்கின்றோம். கீழே நின்று பார்ப்பவருக்கு மூடி இருப்பதும் இல்லாததும் ஒன்றாகவே தெரியும்.

இது மிகைப்படுத்தப்பட்ட அச்சம் என எண்ணுவோருக்காக அமெரிக்காவின் இரண்டு சிற்றூர்களைக் குறிப்பிடலாம். மிசூரி மாநிலத்தின் கிடியன் என்ற ஊரின் மக்கள் தொகை ஏறத்தாழ 1,100. 1993 நவம்பரில் குழாய்நீரின் சுவையும் மணமும் சரியில்லை என மக்கள் முறையிட்டனர். ஊரார் குழாய்களைத் திறந்துவிட்டு நீரை வேகமாக ஓடச்செய்து கழுவினர். அது நல்ல எண்ணத்துடன் செய்த காரியம். ஆனால் அதன் விளைவாகத் தாங்கியின் அடியில் காலங்காலமாகப் படிந்து கிடந்த மண்டி கலங்கி வீடுகளுக்குள் சென்றது. 650 பேர் வரையில் வயிற்றோட்டத்துக்கு ஆளாகினர் என மதிப்பிடப்பட்டது. முதியோர் இல்லத்திலிருந்த ஏழு பேர் மரணமடைந்தனர். விசாரணையாளர்கள் தாங்கியின் மீது ஏறிப் பார்த்தபோது, பழுதடைந்த உச்சிப்பகுதியின் ஊடாகப் பறவைகள் உள்ளே சென்றுவந்தமை தெரிந்தது; நீரில் இறகுகள் மிதந்தன. கொலராடோ மாநிலத்தின் அலமோசாவில் 2008 மார்ச்சில் நிகழ்ந்ததும் இத்தகையதே. ஆழ்கிணற்று நீர் தூயது என்ற நம்பிக்கையில் அங்கு குளோரின் சேர்க்கப்படவில்லை. நீர் தூயதாகத்தான் இருந்தது. அதனைச் சேமித்த நிலைத்தொட்டியில் இருந்த வெடிப்புகளும் துவாரங்களும் ஊடாகப் பிராணிகளின் கழிவு கலந்தது. சல்மொனெல்லா தொற்றினால் பாதிக்கப்பட்டோராகப் பதிவானவர்கள் மட்டும் 442 பேர், ஒருவர் உயிரிழந்தார். செல்வமிக்க நாட்டில், நீரியல் பொறியியலாளர்கள் உள்ள நாட்டில் நிகழ்ந்தவை இவை.

நமது கண்களுக்கு அண்மித்த உதாரணமும் உண்டு. 2022 டிசெம்பரில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள வேங்கைவயலில், தலித் மக்கள் குடியிருப்புக்கு நீர் வழங்கிய மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தமை தெரியவந்தபோது தமிழுலகமே அதிர்ந்தது. அக்கொடுமையின் சமூகப் பின்னணி வேறு; அதனை இங்கு சாதாரண அசட்டையுடன் ஒப்பிடுவது தவறு. ஆனால் ஒரு விடயம் கவனத்துக்குரியது. சிறுவர்கள் நோயுற்று, குடிநீரின் மீது வைத்தியர்கள் ஐயம் தெரிவித்த பின்னரே தொட்டியின் மீது ஏறிப் பார்க்கப்பட்டது. உயரத்தில் இருக்கும் தாங்கிக்குள் என்ன இருக்கின்றது என்பதை நோய்தான் முதலில் அறிவிக்கின்றது.

கூரைத் தாங்கியை விடவும் ஆபத்தானது நிலத்தடித் தொட்டி என்பது எமது கருத்து. இரவில் வரும் குறைந்த அழுத்த நீரைப் பிடித்து வைப்பதற்காகச் சரிவுப் பகுதிகளில் வீட்டு முற்றத்திலேயே சீமெந்துத் தொட்டி கட்டப்படுகின்றது. சமதரையில் கட்டப்படும் தொட்டிக்கும் மலைச்சரிவில் கட்டப்படும் தொட்டிக்கும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. சரிவிலே ஒருவருடைய முற்றம் மற்றொருவருடைய கூரைக்கு மேலே இருக்கின்றது. மேல்வீட்டாரின் மலசலகூடக் குழி கீழ்வீட்டாரின் குடிநீர்த் தொட்டிக்கு மேலே அமைந்துவிடுகின்றது. மண்ணுக்குள் ஊறும் கழிவுநீர் சரிவின் வழியே கீழ்நோக்கியே செல்லும். தொட்டியின் சுவரில் நூலளவு வெடிப்பு இருந்தாலும், தொட்டி நிரம்பியிருக்கும் வரை நீர் வெளியே கசியும். நீர்மட்டம் தாழ்ந்ததும் வெளியிலுள்ளது உள்ளே கசியும். மழைக்குப் பின்னர் நிலம் சற்றே அசைந்தாலும் இத்தகைய வெடிப்புகள் தோன்றும். 2025 இன் மண்சரிவுகளின் பின்னர் தத்தம் வீட்டுச் சுவர்களைப் பார்த்து அஞ்சியவர்களுள் எத்தனை பேர் நிலத்தடித் தொட்டியின் சுவரைப் பார்த்திருப்பர்? தொட்டியை நிரப்பி, நீர் வரும் குழாயையும் போகும் குழாயையும் இரவில் மூடி, மட்டத்தைக் கோடிட்டு, விடிந்ததும் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். செலவில்லாத சோதனை இது.

தொட்டியே கட்டாமல் பிரதான குழாயுடன் நேரடியாகப் பம்பியைப் பொருத்தி நீரை உறிஞ்சும் வழக்கமும் ஆங்காங்கே உள்ளது. இது அயலவருக்குச் சேரவேண்டிய நீரைப் பறிப்பது மட்டுமன்று. அழுத்தம் குறைந்த குழாயை உறிஞ்சும்போது குழாயின் பொருத்துகளிலுள்ள சிறு ஓட்டைகள் வாயிலாகச் சுற்றியுள்ள சேற்றுநீரும் சாக்கடை நீரும் உள்ளே இழுக்கப்படுகின்றன. திருடப்படும் நீருடன் நோயும் சேர்ந்தே வருகின்றது. அது திருடியவர் வீட்டுடன் நின்றுவிடுவதுமில்லை.

இவ்வாறு கலக்கும் மாசினால் வருபவற்றுள் வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் அனைவரும் அறிந்தவை. செங்கண்மாரி எனப்படும் ஏ வகை ஈரல் அழற்சி அவ்வளவு எளிதில் அடையாளம் காணப்படுவதில்லை. 2007 ஆம் ஆண்டில் கம்பளைப் பகுதியில் அது பரவியபோது கண்டி மாவட்டம் முழுவதும் குடிநீர் பற்றிய பீதி எழுந்தது. மாசடைந்த நீரை அருந்திய நாளிலிருந்து அந்நோயின் அறிகுறிகள் தோன்ற இரண்டு வாரங்கள் தொடக்கம் ஏழு வாரங்கள் வரை செல்லும். கண்கள் மஞ்சளிக்கும் நாளில், ஒரு மாதத்துக்கு முன்னர் தாங்கியின் மூடி காற்றில் பறந்து கிடந்தமை யாருடைய நினைவுக்கு வரும்? நேற்று உண்ட உணவையே குறைகூறுவோம்.

டெங்கு பற்றிய விழிப்புணர்வு நம்மிடம் ஓரளவு உண்டு. 2017 இல் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானதாகப் பதிவான பின்னர் சிரட்டையும் ரயரும் பூச்சாடியும் சோதிக்கப்படுகின்றன. ஆனால் ஈடிஸ் நுளம்பு விரும்புவது தெளிந்த, அசையாத, நிழலான நீரை. மூடி சரியாகப் பொருந்தாத நீர்த்தாங்கியை விட அதற்கு உவப்பான இடம் வேறில்லை. அதன் முட்டைகள் நீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கின்றன. காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிருடன் இருந்து, நீர் மீண்டும் தொட்டதும் பொரிக்கின்றன. ஆகவே தாங்கியை வெறுமையாக்கி நிரப்புவதனால் மட்டும் பயனில்லை; சுவரைத் தேய்த்துக் கழுவுதல் அவசியம். மேலதிக நீர் வெளியேறும் குழாயின் வாயிலும் காற்றுக் குழாயின் வாயிலும் துருப்பிடிக்காத நுண்ணிய வலையைக் கட்டிவிட்டால் நுளம்புக்கும் பல்லிக்கும் ஒருங்கே வழி அடைபடும். இந்த இரு குழாய்களை மறந்துவிட்டு மூடியை மட்டும் பூட்டுவது, முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

இனித் தாங்கியைக் கழுவும் முறைக்கு வருவோம். வருடத்தில் இரு தடவையேனும் இது செய்யப்பட வேண்டும். வெள்ளம், மண்சரிவு, நீண்ட நீர்வெட்டு என்பவற்றின் பின்னர் கட்டாயமாகச் செய்யப்பட வேண்டும். முதலில் உள்வரும் குழாயை மூடி, உள்ள நீரைப் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும். அடியில் எஞ்சும் கலங்கல் நீரைச் சமையலறைக் குழாய் வழியே விடாமல், அடியிலுள்ள கழிவு வாயிலாகவோ வாளியினாலோ வெளியேற்ற வேண்டும். கிடியன் மக்கள் உயிர்விலை கொடுத்துக் கற்ற பாடம் அது. பின்னர் நீண்ட பிடியுள்ள தூரிகையினால் அடியையும் சுவரையும் மூடியின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவி, அழுக்கு நீரை முற்றாக அகற்ற வேண்டும். பிளாஸ்டிக் தாங்கியில் கம்பித் தூரிகையைப் பயன்படுத்தக் கூடாது. அது ஏற்படுத்தும் கீறல்களில்தான் அடுத்த படலம் குடியேறும்.

கழுவுதல் வேறு, கிருமி நீக்குதல் வேறு. சேறு இருக்கும் தாங்கியில் குளோரின் இட்டால் அது சேற்றுடனேயே தீர்ந்துவிடும். ஆதலால் கழுவிய பின்னரே குளோரின். சுகாதாரப் பகுதியினர் கிணறுகளுக்கு இடும் வெளிற்றும் தூள் இதற்குப் போதுமானது. புதிய தூளில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு பயன்தரு குளோரின் உண்டு. ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைப் பெறுவதற்கு ஆயிரம் லீற்றர் தாங்கிக்கு 170 கிராம் தூளும், ஐந்நூறு லீற்றர் தாங்கிக்கு 85 கிராம் தூளும் வேண்டும். தூளை அப்படியே கொட்டாமல் பிளாஸ்டிக் வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் தாங்கியில் ஊற்றித் தாங்கியை நிரப்புதல் நன்று. அதன் பின்னர் வீட்டிலுள்ள ஒவ்வொரு குழாயையும் குளோரின் மணம் வரும் வரை திறந்து மூடினால், தாங்கியுடன் குழாய்களும் தூய்மையாகும். ஓரிரவு முழுவதும் அப்படியே விட்டு, மறுநாள் அந்நீரை முற்றாக வெளியேற்றி, புதுநீரால் அலசி நிரப்பலாம். அந்த இரவு வீட்டில் எவரும் அந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ குளிக்கவோ கூடாது என்பதனால் தேவையான நீரை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். வெளியேற்றும் நீரை ஓடையிலோ மீன்தொட்டியிலோ காய்கறிப் பாத்தியிலோ விடுதல் ஆகாது.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். வெளிற்றும் தூளுடன் மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ வேறு துப்புரவுத் திரவங்களையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சுவாயு எழும். திறந்து வைத்த பழைய தூள் வீரியம் இழந்திருக்கும். கடந்த வருடம் வாங்கியது அலமாரியில் இருக்கின்றதே எனச் சிக்கனம் பார்ப்பதில் பொருளில்லை. நிலத்தடித் தொட்டிக்குள் தனியாக இறங்குவது உயிராபத்தானது. நெடுநாள் மூடிக்கிடந்த தொட்டியில் சுவாசிக்கத்தக்க காற்று இராது; அதனுள் குளோரின் ஆவியும் சேர்ந்தால் மயங்கி விழ அதிக நேரம் செல்லாது. மயங்கியவரைக் காப்பாற்ற இறங்குபவரும் மயங்குவதே இத்தகைய விபத்துகளின் துயரமான வழமை. மூடியை முன்கூட்டியே நெடுநேரம் திறந்து வைத்து, மேலே ஒருவர் நிற்க, பம்பியின் மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே கழுவத் தொடங்க வேண்டும். முடியுமானவரை இறங்காமலேயே கழுவுவது உத்தமம்.

குழாய்நீர் பெறும் வீடுகளைப் பற்றியே இதுவரை கூறினோம். மலையகத்தில் பீலித் தண்ணீரை நம்பி வாழ்வோர் தொகை சிறிதன்று. மலையிடுக்கில் ஊறும் நீர் மூங்கிலிலோ குழாயிலோ வழிந்து வரும் பீலியைத் தூய்மையின் உருவமாகவே நம் முன்னோர் கருதினர். அக்காலத்தில் மலையுச்சியில் காடு மட்டுமே இருந்தது. கண்டி வாவிக்குத் தெற்கே துனுமடலாவக் காட்டினுள் பிரித்தானியர் காலத்தில் அமைக்கப்பட்ட நீர்த்தேக்கங்கள் இதற்கு நல்ல சான்று. நகருக்கு நீர் வேண்டும் என்றபோது நீரை மட்டுமல்லாது, அந்நீர் வடிந்துவரும் காட்டையும் சேர்த்தே பாதுகாத்தனர். இன்று பீலிக்கு மேலே வீடுகளும் தோட்டங்களும் கால்நடைப் பட்டிகளும் உள்ளன. பீலிநீர் சேரும் சீமெந்துத் தொட்டியில் குளோரின் என்ற காவலாளியே கிடையாது. ஆயிரம் லீற்றருக்கு ஏறத்தாழ 7 கிராம் வெளிற்றும் தூளைக் கரைத்துத் தெளிவித்து ஊற்றி, அரைமணி நேரம் கழித்துப் பயன்படுத்துவது தெளிந்த நீருக்குப் பொதுவாகப் போதும். மழைநாளில் கலங்கிவரும் நீருக்கு அது போதாது. அதனைத் தெளியவிட்டுக் கொதிக்க வைத்தே அருந்த வேண்டும்.

லயன் குடியிருப்புகளில் இதனை யார் செய்வது? இருபது குடும்பங்கள் பகிரும் பொதுத்தொட்டிக்கு மூடி போடுவதும், வெடிப்பு அடைப்பதும், குளோரின் இடுவதும் கொழுந்து பறித்துவிட்டு மாலையில் களைத்துத் திரும்பும் ஒரு தாயின் தனிப்பொறுப்பாக இருக்க முடியாது. தோட்டப்புறங்களில் பாதுகாப்பான குடிநீர் பெறுவோரின் விகிதம் நகரங்களை விடக் குறைவு என்பதை அரசாங்கத்தின் ஆய்வுகளே காட்டி வந்துள்ளன. அம்பிட்டியவில் மாடிவீட்டுக்காரருக்கு நாம் கூறும் அறிவுரையை ஹந்தானை மலைச்சரிவின் தோட்டத் தொழிலாளிக்கும் அப்படியே கூறிவிட்டுப் போவது நியாயமாகாது. அங்கு பொறுப்பு தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் உரியது. தொட்டி கட்டித் திறப்புவிழா நடத்திப் பெயர்ப்பலகை நாட்டுவதில் காட்டப்படும் ஆர்வம், அத்தொட்டியை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை கழுவுவதற்கு ஒருவரை நியமிப்பதில் காட்டப்படுவதில்லை.

வாடகை வீடுகளும் மாணவர் தங்குமிடங்களும் மற்றொரு சிக்கல். கண்டியைச் சுற்றிப் பல்கலைக்கழகத்துக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் வரும் இளையோர் தங்கும் அறைகள் ஏராளம். தாங்கி வீட்டு உரிமையாளருக்குச் சொந்தம். நீரைக் குடிப்பவர் வாடகையாளர். உரிமையாளர் ஏறிப் பார்ப்பதில்லை. வாடகையாளருக்கு ஏறும் உரிமை இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் சுவருக்கு ஆணி அடிக்கக் கூடாது என்று எழுதும் நாம், தாங்கி கடைசியாகக் கழுவப்பட்ட திகதியை எழுதினால் என்ன? பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் உணவகங்களின் சமையலறையைப் பார்வையிடும்போது கூரைத் தாங்கியையும் பார்ப்பதை வழக்கமாக்க வேண்டும். பாடசாலைகளில் தவணை தொடங்கும் முன்னர் தாங்கி கழுவப்பட்ட திகதி தாங்கியின் மீதே தீந்தையால் எழுதப்படலாம். இதற்குச் சுற்றறிக்கையோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை.

கொதிக்க வைத்து அருந்துகின்றோமே, தாங்கி எப்படி இருந்தால் என்ன என்று கேட்போர் உண்டு. கொதிக்க வைத்தல் சிறந்த வழி என்பதில் ஐயமில்லை. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் நீர் கொதிப்பது 98 பாகைக்குச் சற்று மேலே. கொப்பளித்துக் கொதித்துவிட்டால் கிருமிகள் அழிவதற்கு இதுவே தாராளம். ஆனால் பல் துலக்குவதும் பழம் கழுவுவதும் குழந்தையின் போத்தலை அலசுவதும் கொதித்த நீரிலா? கொதித்து ஆறிய நீரில் குளோரினும் இல்லை. அதனைக் குடத்தில் ஊற்றி, பலரும் கைதோயக் குவளையால் மொண்டால் கிருமி மீண்டும் சேரும். வாய் குறுகிய, அடியில் குழாய் பொருத்திய பாத்திரமே தகுந்தது. வீட்டு வடிகட்டிகளில் கரி உள்ளவை குளோரினை அகற்றிவிடுவதனால் அவற்றின் நீரையும் நாட்கணக்கில் சேமித்து வைத்தல் கூடாது. தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் நம்மவர் வழக்கம் அறிவுபூர்வமானதே. எனினும் அது நீரைத் தெளிவாக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்த நீர் தூய நீர் என்ற மயக்கம் பீலிக்கரையிலும் உண்டு, மாடிவீட்டிலும் உண்டு.

தாங்கி கழுவுவதற்கு உகந்த நாட்களைத் தேடிப் பஞ்சாங்கம் புரட்ட வேண்டியதில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னரும் தீபாவளிக்கு முன்னரும் வீடு துப்புரவு செய்யும் வழக்கம் நம்மிடம் ஏற்கனவே இருக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையே சுமார் ஆறு மாதங்கள். பங்குனியில் நீர்வெட்டு ஏற்படும் பகுதிகளில் உள்ளோர், தாங்கி தானாகவே வற்றும் நாளைப் பார்த்திருந்து அன்றே ஏறினால், வீணாகும் நீரும் மிகக் குறைவாகவே இருக்கும்.